மானம் நைட் டியூட்டிக்கு மட்டும்தானா?

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் மேலூரிலும் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் பல வீடுகளில் ஒரே பஞ்சாயத்துதான் நடக்கும். பயாலஜி குரூப் எடுத்து நல்ல மார்க் வாங்கிய பெண். நீட்டில் இடம் கிடைக்கிற அளவுக்கு வரவில்லை. “பி.எஸ்ஸி. நர்சிங் போடலாம்னு பாக்குறேன்” என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் சுற்றி உட்கார்ந்திருக்கிற மாமாவும் பெரியப்பாவும் சித்தியும் முந்திக்கொள்வார்கள். “நம்ம வீட்டுப் பிள்ளைய போயி பீ மூத்திரம் அள்ளவா அனுப்புறது?” என்பார் ஒருவர். “நைட் டியூட்டி பாக்குற பிள்ளைய எவன் கட்டுவான்?” என்பார் அடுத்தவர். கொஞ்சம் படித்தவர் இருந்தால், “டாக்டர் ஆகலேன்னா நர்ஸா? டாக்டர் சொல்றதச் செய்ற எடுபிடி வேலைதானே அது. பேசாம பி.எட். முடிக்கட்டும்” என்று தீர்ப்பை எழுதிவிடுவார். பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை. அது தனிக் கதை.

இந்த மூன்று பேச்சுக்கும் பதில் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நாலாவதாக ஒன்று இருக்கிறது, பாராட்டு போலத் தோன்றுவது: “அது வேலை இல்லப்பா, தொண்டு.” மூன்றையும்விட அதுதான் மோசம். அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் இந்த நைட் டியூட்டி. மதுரைக்காரன் தன் ஊரைத் தூங்கா நகரம் என்று சொல்லிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். அந்தத் தூங்காத ஊரில் இரவெல்லாம் கண்விழித்து உழைப்பவர்களில் பலர் பெண்கள் என்பது அவன் கண்ணில் படுவதே இல்லை. விடியுமுன்னே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகையோடு வந்து நிற்பவர்கள் யார்? இருட்டிலேயே எழுந்து இட்லிக்கு அடுப்பு மூட்டுகிறவர்கள் யார்? இன்னும் கூர்மையாகவே கேட்கிறேன். இதே மதுரை, திண்டுக்கல் கிராமங்களுக்கு நூற்பாலை வேன் வந்து பதினேழு, பதினெட்டு வயசுப் பெண்களை ஏற்றிக்கொண்டு போன காலம் இருந்ததே. ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்கலகரமான பெயர் வேறு. மூன்று வருஷம் ஆலை விடுதியில் தங்கி, ஷிஃப்ட் முறையில் ராத்திரியும் பகலும் நூல் நூற்றால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை. அந்த இரவு வேலைக்கு எந்த மாமாவும் மானம் போகிறது என்று குதித்ததாக நான் கேள்விப்படவில்லை. வரதட்சணைக்குப் பணம் சேர்கிற ராத்திரி சுத்தமான ராத்திரி போலிருக்கிறது.

சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். தொழிற்சாலைகளில் பெண்களை இரவில் வேலை வாங்கக் கூடாது என்று 1948ஆம் வருஷத்துச் சட்டத்தின் 66ஆவது பிரிவு சொல்லி வந்தது. 2000 டிசம்பரில்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. ஆஸ்பத்திரிக்கு அந்தத் தடை ஒருநாளும் இருந்ததில்லை. பெண்ணுக்கு இரவு ஆகாது என்று சட்டமே சொல்லிக்கொண்டிருந்த ஐம்பது வருஷமும் இந்த நாட்டின் வார்டுகளில் பெண்கள்தான் ராத்திரி விழித்திருந்தார்கள். மாமாவின் அம்மாவுக்கு நெஞ்சு வலித்த ராத்திரியிலும் ஒரு பெண்தான் விழித்திருந்திருப்பாள்.

பாதுகாப்புப் பயம் பொய்யானதா? இல்லை. 1973 நவம்பரில் மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் அருணா ஷான்பாக் என்ற செவிலியர், டியூட்டி முடித்து உடை மாற்றப் போன இடத்தில் அங்கேயே வேலை பார்த்த துப்புரவுப் பணியாளரால் தாக்கப்பட்டார். 2015 மே வரை ஏறக்குறைய நாற்பத்திரண்டு வருஷம் சுயநினைவு திரும்பாமலே கிடந்து இறந்தார். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் கொல்லப்பட்ட பெண் ஒரு டாக்டர், இரவுப் பணியில் இருந்தவர். அந்தச் செய்தி வந்த மறுநாள் மதுரையில் எந்தத் தகப்பனாவது “இனி எம் பொண்ணு எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டாம்” என்று சொன்னாரா? பூட்டுப் போட்ட ஓய்வறை கேட்டார்கள், கேமரா கேட்டார்கள், காவல் கேட்டார்கள். கேட்டது சரி. அதே பயம் நர்சிங் என்றதும் மட்டும் பெண்ணை வீட்டோடு நிறுத்துகிற காரணமாக மாறினால், அந்தப் பயத்துக்குள்ளே வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வேறு ஏதோவைத்தான் ‘பீ மூத்திரம்’ என்ற சொல் வெளியே கொண்டுவருகிறது. அருணா ஷான்பாக்கின் கதையில் எல்லோரும் கருணைக்கொலை விவாதத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது வேறு. 2011இல் அவருக்காகக் கருணைக்கொலை கேட்ட வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், அத்தனை வருஷம் படுக்கையில் கிடந்தவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லை என்பதைக் குறிப்பிட்டு, அந்த ஆஸ்பத்திரிச் செவிலியர்களைப் பாராட்டியது. அசையாமல் கிடக்கிற உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போட வேண்டும். இடுப்பெலும்பு, குதிகால், தோள்பட்டை எங்கே தோல் சிவக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈரம் பட்ட துணியை உடனே மாற்ற வேண்டும். ஒரு நாள் அசட்டையாக இருந்தால் தோல் உரியும். இன்னும் விட்டால் எலும்பு தெரியும், அங்கிருந்து சீழ் ரத்தத்தில் கலந்து ஆளையே கொண்டுபோய்விடும். அத்தனை வருஷமும் அது நடக்காமல் பார்த்துக்கொண்டார்கள். இதற்குத்தான் நம்மூரில் அள்ளுகிற வேலை என்று பெயர்.

மலத்தில் கை படுவதுதான் கீழ்மை என்றால் குடலை அறுத்துத் தைக்கிற சர்ஜன் முதலில் கீழே இறங்க வேண்டுமே? அவருக்குக் காரும் பங்களாவும் மரியாதையும் குறையவில்லை. கல்யாணச் சந்தையில் அவருக்குத்தான் உச்ச விலை. ஆக அசிங்கம் மலத்தில் இல்லை. தொட்டுச் செய்கிறவர் யார், உத்தரவு போடுகிறவர் யார் என்ற பழைய கணக்கில் இருக்கிறது. இந்தச் சீமையில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள். மருத்துவச்சி என்று பேர். பெரிய வீட்டுப் பிள்ளைகளின் தலையை உலகத்தில் முதன்முதலாகத் தாங்கிய கை அவர்களுடையது. பிரசவம் முடிந்ததும் தீட்டு என்று தள்ளி நிற்க வைக்கப்பட்டதும் அவர்கள்தான். உடம்பிலிருந்து வடிகிற எதையும் தொடுகிறவர் தாழ்ந்தவர் என்ற அந்தக் கணக்கு, சாதிப் பெயரை உதறிவிட்டு ஆஸ்பத்திரி வார்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. சென்னை பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. அதன் பிறகும் பல தலைமுறை இந்தப் பக்கம் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களுமே பெரும்பாலும் வந்தார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளி வைத்ததும், மதுரையில் அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரிகள் நடத்தியதும் இந்தச் சூழலில்தான். 1946இல் போர் (Bhore) சுகாதாரக் கமிட்டி அறிக்கை தந்தபோது பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் ஏழாயிரம் செவிலியர்கள்தான் இருந்தார்கள், நாற்பத்து மூவாயிரம் பேருக்கு ஒருவர். டாக்டர்களின் எண்ணிக்கை அதைப்போல ஆறு ஏழு மடங்கு. மேல்சாதி வீடுகள் மகனை ஸ்டெதாஸ்கோப்புக்கு அனுப்பின, மகளை அந்த வார்டுப் பக்கம் விடவில்லை. அதன் கணக்குத்தான் இது.

இனி அந்த ‘எடுபிடி’. மதுரையைச் சுற்றி நெல்லும் பருத்தியும் விளைகிற பூமி. பூச்சிமருந்து குடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு கோரிப்பாளையத்துக்கு ஓடி வருகிற ஆம்புலன்ஸைப் பார்க்காத மதுரைக்காரர் இருக்க முடியாது. ராஜாஜி மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். டாக்டர் பார்த்து அட்ரோபின் எழுதுகிறார், சொட்டு மருந்தாக ஏற்றச் சொல்கிறார், அடுத்த நோயாளிக்குப் போகிறார். போகத்தான் வேண்டும், வரிசை நிற்கிறது. அதன் பிறகு ராத்திரி முழுக்க நடப்பதுதான் சிகிச்சை. ஆள் வியர்வையில் நனைந்திருக்கிறாரா, அக்குள் காய்ந்துவிட்டதா? நெஞ்சில் கரகரப்பு குறைகிறதா? ஊசிமுனையாகச் சுருங்கியிருந்த கண்மணி விரிகிறதா? நாடித்துடிப்பு எண்பதைத் தாண்டியதா? குறைவாகப் போனால் சளியிலேயே மூச்சடைத்துவிடும். கூடிப்போனால் உடம்பு கொதிக்கும், வயிற்றில் சத்தம் நின்றுவிடும், ஆள் பிதற்றுவார், கட்டிலை விட்டு எழுந்து ஓடப் பார்ப்பார். இந்த இரண்டு பள்ளத்துக்கும் நடுவில் மருந்தை ஏற்றி இறக்கச் சொல்லி டாக்டரைக் கூப்பிட வேண்டிய நிமிஷம் எது என்று முடிவு செய்வது கட்டில் பக்கத்தில் நிற்கிற செவிலியர். அவர் கூப்பிடாவிட்டால் டாக்டருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவர் கையில் இந்த ஒரு கட்டில் மட்டும் இருப்பதும் கிடையாது.

பாம்புக் கடி என்றால் இன்னொரு விதம். உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் வழிந்தால் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது. விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கியதும் உடம்பு தடிக்கிறதா, மூச்சு இழுக்கிறதா என்று பக்கத்திலேயே நிற்க வேண்டும், அட்ரினலினை ஊசியில் ஏற்றித் தயாராக வைத்துக்கொண்டு. எடுபிடிக்கு இவ்வளவு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

என் வார்த்தையை நம்ப வேண்டாம். செவிலியர் பணி பற்றி ஆராய்கிற லிண்டா எய்க்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரிடம் ஒரு நோயாளி கூடுதலாகச் சேர்ந்தால், முப்பது நாளுக்குள் நோயாளி சாகிற வாய்ப்பு ஏழு சதவீதம் கூடுகிறது. 2014இல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் பார்த்தபோதும் அதே ஏழு. அங்கே இன்னொன்றும் தெரிந்தது. செவிலியர்களில் பட்டப்படிப்பு படித்தவர்களின் விகிதம் பத்து சதவீதம் கூடினால் அந்தச் சாவு வாய்ப்பு ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலையில் படிப்பு கூடினால் சாவு ஏன் குறைய வேண்டும்?

பென்சில்வேனியா வரைக்கும் போக வேண்டாம் என்றால் வாடிப்பட்டிப் பக்கம் வாருங்கள். பிரசவத்தில் தாய் சாவதைக் குறைத்ததில் தமிழ்நாடு இந்தியாவின் முன்வரிசையில் நிற்கிறது என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். அது எப்படி நடந்தது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஷிஃப்டுக்கு ஒருவராக மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைப் போட்டு இருபத்துநாலு மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்ததுதான் அதில் பெரிய பங்கு. ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்துப் போனால் அங்கே விளக்கு எரியும், ஒரு நர்ஸ் இருப்பார், பெரும்பாலும் அவர்தான் பிள்ளையை வாங்குவார். ஐயாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் வீடு வீடாகப் போய் யார் கர்ப்பம், யாருக்கு ரத்தசோகை, யார் தடுப்பூசிக்கு வரவில்லை என்று நோட்டில் குறித்தவர் கிராம சுகாதார செவிலியர். உசிலம்பட்டி வட்டாரம் பெண்சிசுக் கொலைக்காக நாடு முழுக்கப் பேசப்பட்ட எண்பதுகளில், அந்தத் தெருக்களில் கதவு தட்டி நடந்தவரும் அவர்தான். நர்ஸைக் கட்ட மாட்டேன் என்கிற மாப்பிள்ளையில் எத்தனை பேர் ஒரு நர்ஸின் கையில் பிறந்தவர்கள் என்று கணக்கெடுத்தால் சுவாரசியமாக இருக்கும்.

அரவிந்த் கண் மருத்துவமனையையும் சொல்லாமல் மதுரையில் இதைப் பேச முடியாது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கையோடு தொடங்கியது. அங்கே சர்ஜன் இரண்டு மேஜைகளுக்கு நடுவில் இருப்பார். ஒன்றில் அறுவை முடிவதற்குள் அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். தயார் செய்வதும் அளவெடுப்பதும் கருவிகளை எடுத்துக் கொடுப்பதும், பிளஸ் டூ முடித்து வந்து அங்கேயே இரண்டு வருஷம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். சட்டப்படி அவர்கள் செவிலியர் கிடையாது. ஆனாலும் உலகத்து மேலாண்மைக் கல்லூரிகள் வியந்து பாடமாக வைத்த அந்த வேகம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. டாக்டர் எஜமான், மற்றவர் ஏவலாள் என்ற படத்தை வைத்துக்கொண்டு அந்த அறுவை அரங்கைப் புரிந்துகொள்ளவே முடியாது.

சரி, எதிர்த்தரப்பின் கையில் உண்மையிலேயே பலமான சீட்டு ஒன்று இருக்கிறது. சம்பளம். நாலு வருஷம் லட்சக்கணக்கில் கட்டிப் படித்த பெண் மதுரையில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்ந்தால் வாங்குகிற சம்பளத்தை ஜவுளிக்கடை விற்பனைப் பெண்ணின் சம்பளத்தோடு ஒப்பிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்க இடம் இருக்கிறது. போதாததற்கு, பல இடங்களில் கோர்ஸே படிக்காத பிள்ளைகளை ஆறு மாதம் பழக்கி, அதே யூனிஃபார்மைப் போட்டு, ஊசி போட வைத்துவிடுகிறார்கள். நோயாளிக்கு யார் யார் என்று தெரிவதில்லை. முதலாளிக்குத் தெரியும், ஆளுக்கு ஆள் சம்பளத்தைக் குறைக்க அதுதான் வசதி. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொள்கிறவர்களும் உண்டு.

2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாதம் இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது, இருநூறு படுக்கைக்கு மேல் போனால் அரசுச் சம்பளத்துக்குச் சமமாகவே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர் சங்கம் தெருவில் இறங்கி 2018இல் அந்த இருபதாயிரத்தை அரசாணையாகவே வாங்கியது. நம் அரசின் லட்சணம் என்ன? 2015இல் தேர்வு வைத்து, தேறியவர்களைத் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற பேச்சு பேச்சாகவே நின்றதால், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அந்தப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆகவே சம்பளம் குறைவு என்பது உண்மை. ஆனால் அதிலிருந்து கிடைக்கிற முடிவு ‘சம்பளத்தைக் கூட்டு’ என்பதுதானே தவிர, ‘வேலை கீழானது’ என்பது எப்படி வரும்? அதே பெண் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி நிரந்தரமாகி விட்டால் கல்யாணத் தரகர் “பொண்ணு கவர்மென்ட் நர்ஸுங்க” என்று குரலை உயர்த்திச் சொல்கிறார். அயர்லாந்துக்கோ சவூதிக்கோ போய்விட்டால் ஜாதகக் கட்டே தானாகப் பொருந்துகிறது. அங்கேயும் நைட் டியூட்டிதான். அங்கேயும் அதே மலம், அதே மூத்திரம். மாறியது சம்பளச் சீட்டு மட்டும். இத்தனை நாள் மானம் என்று பேசியது எதைப் பற்றி என்பது இங்கே வெளிச்சமாகிவிடுகிறது.

இப்போது தொண்டு. நம் சினிமாவுக்கு நர்ஸ் என்றால் ஒன்று காமெடியனிடம் மாட்டுகிற பெண், இல்லாவிட்டால் ‘பாலும் பழமும்’ சாந்தி மாதிரி கணவனுக்கே அடையாளம் தெரியாமல் பணிவிடை செய்கிற தியாகி. 1961இல் வந்த படம். அந்தத் தியாகச் சிலையை இன்னும் நாம் இறக்கி வைக்கவில்லை. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் கையில் விளக்கைக் கொடுத்தோம். 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தில் முதல் பெண்ணாக இடம் பிடித்தவர், சிப்பாய்களின் சாவுக் கணக்கை வரைபடமாகப் போட்டு மந்திரிகளை மிரட்டியவர் என்பதைச் சொல்லித்தருவதில்லை. தேவதைக்குச் சம்பளம் கேட்கிற வாய் இருக்கக் கூடாது, அதற்காகத்தான் இந்தப் பட்டம். 2020 மே மாதம் விமானப்படை ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகள் மேல் பூ தூவின. அந்தக் கொரோனாக் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களைத் தமிழக அரசு 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வேலையிலிருந்து விடுவித்தது. பூ தூவியது ஒரு அரசு, விடுவித்தது இன்னொரு அரசு. இதில் கட்சி பேதம் இல்லை. கீழ் வேலை என்று சொல்கிறவரும் தெய்வ வேலை என்று சொல்கிறவரும் கூலி விஷயத்தில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

பெண்ணைப் பெற்றவர் கேட்க வேண்டிய கேள்விகள் இல்லாமல் இல்லை. கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா, சொந்த ஆஸ்பத்திரி உண்டா, அல்லது கிளினிக்கல் என்று சொல்லி வேறு ஊருக்குப் பஸ் ஏற்றுகிறார்களா? வேலைக்குச் சேர்க்கிற இடத்தில் பாண்ட் எழுதச் சொல்வார்களா? ராத்திரி டியூட்டிக்கு வர வாகனம் உண்டா, ஓய்வறைக்குத் தாழ்ப்பாள் உண்டா? ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில்? இவற்றைக் கேட்கிற தகப்பனை நான் மதிப்பேன்.

மகனைப் பெற்றவர்களும் கேட்கலாம். எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நர்சிங் ஆபீசர் பணியிடங்களில் நூற்றுக்கு எண்பது பெண்களுக்கு, இருபது ஆண்களுக்கு என்று 2019இல் வைத்தார்கள். ஆண்கள் அவ்வளவு பேர் போட்டிக்கு வந்துவிட்டார்கள் என்பதுதான் காரணம். தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். ராஜஸ்தான் பையன்கள் ஜெய்ப்பூரில் கோச்சிங் போய் இந்தத் தேர்வை எழுதுகிறார்கள். மதுரைக்கு வரவேண்டிய எய்ம்ஸுக்குத் தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே ஆள் எடுக்கும்போது விண்ணப்பிக்க வேண்டுமானால் பி.எஸ்ஸி. நர்சிங் பட்டம் வேண்டும், அல்லது நர்சிங் டிப்ளமோவோடு ஐம்பது படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷ அனுபவம் வேண்டும். கவுன்சில் பதிவு கட்டாயம். நாலு வருஷப் படிப்புக்கான விண்ணப்பம் பிளஸ் டூ முடிவை ஒட்டியே வெளியாகும்.